கணக்கு உதைக்கும்போது: எக்ஸெல் புள்ளியியல் கோளாறுகளுக்கு அறிகுறி வாரியாக வழி

தை பிறந்து சம்பா அறுவடை முடிகிற நேரத்தில் டெல்டா கல்லூரிகளில் ப்ராஜெக்ட் சீசன் சூடுபிடிக்கும். கும்பகோணத்தில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் பென் டிரைவோடு வருபவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரே வகை டேட்டா: மேட்டூர் தண்ணீர், மாவட்ட மழை, குறுவை சம்பா மகசூல். கோளாறுகளும் ஒரே வகைதான். அதனால் இங்கே பாடம் எதுவும் இல்லை. உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

கைவசம் ஒரு சின்ன அட்டவணை இருந்தால் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கலாம். மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறந்த நாட்கள்: 2019 ஆகஸ்ட் 13, 2020 ஜூன் 12, 2021 ஜூன் 12, 2022 மே 24, 2023 ஜூன் 12, 2024 ஜூலை 28. வழக்கமான நாள் ஜூன் 12. அதிலிருந்து தாமதத்தை நாட்களில் எழுதினால் 62, 0, 0, -19, 0, 46. மே மாதமே திறந்ததால் 2022க்கு மட்டும் மைனஸ்.

ஃபார்முலா, மெனு பெயர்களை உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். எதைத் தொடும் முன்பும் ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.

## அறிகுறி 1: தேதிகள் பாதி இடப்பக்கம், பாதி வலப்பக்கம் ஒட்டி நிற்கின்றன

அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அதிக சேதம் செய்வதும் இதுதான்.

மேலே உள்ள ஆறு தேதிகளை 13/08/2019, 12/06/2020 என்று நம் வழக்கப்படி தட்டுகிறீர்கள். கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் இருந்தால் மாதம்தான் முதலில் என்று அது எடுத்துக்கொள்ளும். பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் 13/08/2019ஐ வெறும் எழுத்தாக விட்டுவிடும். அது செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். 24/05/2022, 28/07/2024 இரண்டுக்கும் அதே கதிதான். ஆனால் 12/06/2020ஐ டிசம்பர் 6 என்று சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டு வலப்பக்கம் நிறுத்திவிடும். பார்வைக்குச் சரியாக இருக்கும் மூன்று தேதிகள்தான் உண்மையில் தப்பு. சரியான நாளில் அணை திறந்த மூன்று ஆண்டுகளும் மார்கழியை நெருங்கித் திறந்த ஆண்டுகளாகிவிடும்.

தாமதத்துக்கு மூன்று இடத்தில் #வேல்யூ! என்ற பிழைச் செய்தி, மூன்று இடத்தில் 0 வருகிறதா? ஒப்பிடும் ஜூன் 12ஐயும் நீங்கள் 12/06 என்றே தட்டியிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து டிசம்பருக்குப் போனதால் கழித்தால் பூஜ்யம் வருகிறது. விடை சரி, தேதி தப்பு. இந்த 0 உங்களை ஏமாற்றும்.

177 என்று வருகிறதா? ஜூன் 12 முதல் டிசம்பர் 6 வரை 177 நாள். இந்த எண்ணைப் பார்த்தாலே வியாதி புரிந்துவிடும்.

சோதனை எளிது. தேதி காலத்தை (காலம் என்று நான் சொல்வது மேலிருந்து கீழாக ஓடும் நெடுவரிசையை) தேர்ந்தெடுத்து, ஃபார்மட் செல்ஸில் மாதத்தின் பெயர் தெரியும் வடிவத்துக்கு மாற்றுங்கள். டிசம்பர் என்று தெரிபவை புரண்டவை. எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே நிற்பவை எழுத்து.

இனி சரிசெய்வது, செலவு குறைந்த வழியிலிருந்து:

1. விண்டோஸ் செட்டிங்ஸில் ரீஜியனை இந்தியாவுக்கு மாற்றுங்கள். எக்ஸெலுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் என்றால் டூல்ஸ், ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதியில் லோக்கேல். இனிமேல் தட்டுவது சரியாக விழும். ஏற்கெனவே புரண்டவை இதனால் திரும்பாது. இங்கேதான் பலரும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள்.
2. எழுத்தாக நிற்பவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ். மூன்றாவது திரையில் டேட் என்பதைத் தேர்ந்து டிஎம்ஒய் (நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை) வைத்து ஃபினிஷ்.
3. புரண்டவற்றுக்குப் பக்கத்துக் காலத்தில் டேட் ஃபார்முலா. அதற்குள் முதலில் இயர், அடுத்து மாத இடத்தில் டே, நாள் இடத்தில் மன்த். புரண்டதைத் திரும்பப் புரட்டுகிறோம், அவ்வளவுதான்.

ஆயிரக்கணக்கில் வரிகள் இருந்து, நடுவில் யாரோ ஒருமுறை வரிகளை வரிசை மாற்றி அடுக்கி (ஸார்ட்) சேவ் செய்திருந்தால் இந்த ஒட்டு வேலையில் இறங்காதீர்கள். நாளும் மாதமும் 12க்குள் இருக்கும் தேதிகளில் எது புரண்டது, எது புரளவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. டேட்டா கொடுத்தவரிடமே போய் மூல ஃபைலை மறுபடி வாங்குங்கள்.

## அறிகுறி 2: சராசரி இடத்தில் #டிவ்/0! நிற்கிறது

காலம் முழுக்க எண் மாதிரி தெரியும் எழுத்துதான். காலத்தைத் தேர்ந்தெடுத்துத் திரையின் அடிப்பட்டையைப் பாருங்கள். கவுண்ட் மட்டும் தெரிந்து ஆவரேஜும் சம்மும் தெரியாவிட்டால் உறுதி.

செல் மூலையில் பச்சை முக்கோணம் இருந்தால் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் வரும் மஞ்சள் குறியில் கன்வெர்ட் டு நம்பர். இல்லாவிட்டால் எண்ணோடு "மி.மீ." "கிலோ" என்று அலகைச் சேர்த்துத் தட்டியிருக்கிறார்களா பாருங்கள். ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் அலகைத் தேடி வெறுமையாக்கினால் போதும். அலகுக்கு இடம் காலத்தின் தலைப்புதான்.

அதுவும் இல்லையென்றால் இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியபோது கூடவே வந்த கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. டிரிம் ஃபார்முலா இதற்கு அசையாது. சப்ஸ்டிட்யூட் ஃபார்முலாவில் கேர் 160ஐ (அந்த இடைவெளிக்கான குறியீடு) தேடி வெறுமையாக்கி, வெளியே வேல்யூ ஃபார்முலாவால் சுற்றுங்கள்.

ஸ்கேன் செய்த பழைய ரிஜிஸ்டரை ஏதோ செயலியில் எழுத்தாக மாற்றிய ஃபைல் என்றால் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்து உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் என்றால் கையால் திருத்தலாம். பக்கம் பக்கமாக இருந்தால் டேட்டா என்ட்ரி தெரிந்த ஒருவருக்குக் காசு கொடுத்துப் புதிதாகத் தட்டச் சொல்வதே லாபம்.

## அறிகுறி 3: சராசரி வருகிறது, ஆனால் நம்பும்படி இல்லை

### மழைச் சராசரி ரொம்ப அதிகம்

நவம்பரில் 12 நாள் மழை, மொத்தம் 240 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாளுக்கும் வகுத்தால் தினச் சராசரி 8. எக்ஸெல் 20 என்று சொன்னால் மழையில்லாத நாட்களை வெறுமையாகவோ கோடு போட்டோ விட்டிருக்கிறீர்கள். ஆவரேஜ் அவற்றைத் தொடாமல் தாண்டிவிடும். கவுண்ட் ஃபார்முலா போட்டுப் பாருங்கள், 30 வர வேண்டிய இடத்தில் 12 வரும்.

கோட்டை 0 ஆக்கும் முன் ஒரு கேள்வி: அது மழையில்லாத நாளா, அளவெடுக்காத நாளா? மழையில்லை என்றால் 0. அளவெடுக்கவில்லை என்றால் வெறுமையாகவே விடுங்கள். புயல் நாளில் அளவே வராத நிலையத்துக்கு 0 போட்டால் அங்கே வறட்சி என்றாகிவிடும்.

ரீப்ளேஸ் செய்யும்போது "மேட்ச் என்டயர் செல் கன்டென்ட்ஸ்" பெட்டியில் டிக் அடிக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் மைனஸ் குறியும் கோடுதானே, நம் அட்டவணையின் -19 சட்டென்று 019 ஆகி 19 நாள் தாமதமாகிவிடும். முன்கூட்டியே அணை திறந்த ஆண்டு தாமத ஆண்டாகிவிடும், எக்ஸெல் எந்த எச்சரிக்கையும் தராது.

### ஃபில்டர் போட்டும் சராசரி மாறவில்லை

திருவாரூர் மட்டும் தெரியும்படி ஃபில்டர் போட்டாலும் ஆவரேஜ் மறைந்த வரிகளையும் சேர்த்தே வகுக்கும். சப்டோட்டல் ஃபார்முலாவில் 101 போட்டால் கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும் கணக்கு வரும்.

### மகசூல் சராசரி மலையாகவோ மடுவாகவோ இருக்கிறது

கடைசி "மொத்தம்" வரியும் ரேஞ்சுக்குள் போய்விட்டதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அலகு.

நம் பக்கத்தில் விவசாயியிடம் கேட்டால் மாவுக்கு இத்தனை மூட்டை என்பார். வேளாண் துறை ஹெக்டேருக்குக் கிலோ என்று எழுதும். ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட், மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. மூட்டையிலும் வில்லங்கம் உண்டு: நேரடி கொள்முதல் நிலையத்தின் சிப்பம் 40 கிலோ, வியாபாரி சொல்லும் மூட்டை பெரும்பாலும் 60 கிலோ. இரண்டையும் ஒரே காலத்தில் கலந்தால் எந்த ஃபார்முலாவும் காப்பாற்றாது. கேள்வித்தாளிலேயே "மூட்டைக்கு எத்தனை கிலோ" என்று ஒரு கேள்வி வையுங்கள். கேட்காமல் வந்துவிட்டால் போனைப் போட்டுக் கேளுங்கள். குத்துமதிப்பாகப் பெருக்காதீர்கள்.

பயிர் அறுவடைப் பரிசோதனை எண்களை எடுத்திருந்தால் இன்னொன்று. நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் திடலில் அறுத்து எடை போடுவார்கள். அது 25 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு மாற்ற 400ஆல் பெருக்க வேண்டும். திடலில் 12 கிலோ என்றால் ஹெக்டேருக்கு 4,800. சில வரிகளில் 12, 13 என்றும் மற்றவற்றில் ஆயிரங்களிலும் இருந்தால் பாதியைப் பெருக்கவில்லை என்று அர்த்தம்.

### எல்லாம் சரி, ஆனாலும் அந்தச் சராசரி எதையும் சொல்லவில்லை

நம் ஆறு ஆண்டுத் தாமதத்தின் சராசரி 14.8 நாள். "மேட்டூர் சராசரியாக 15 நாள் தாமதமாகத் திறக்கிறது" என்று எழுதினால் வைவாவில் மாட்டுவீர்கள், ஏனென்றால் 15 நாளுக்குப் பக்கத்தில் ஓர் ஆண்டுகூட இல்லை. இடைநிலை அளவு (மீடியன், வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 0, முகடும் (அதிக முறை வரும் எண்) 0. திறந்தால் சரியான நாளில் அல்லது அதற்கு முன்பே, தவறினால் மாதக் கணக்கில் தாமதம் என்பதுதான் இந்த ஆறு ஆண்டுகளின் நிலவரம். குறுவை நாற்று விடலாமா என்று யோசிப்பவருக்கு அந்தப் 15ஆல் காலணா பிரயோசனம் இல்லை. மீடியன் ஃபார்முலாவையும் போட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் வெகுதூரம் விலகினால் ஆறு எண்ணையும் அப்படியே அட்டவணையாகக் கொடுத்துவிடலாம். ஆறே எண்ணுக்குச் சராசரி தேவையா என்பதே என் சந்தேகம்.

முகட்டுக்கு #என்/ஏ வந்தால் பதற வேண்டாம். எந்த எண்ணும் இரண்டு முறை வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஓர் எண் தனியாகத் துருத்திக்கொண்டிருந்தால் அழிக்கும் முன் ஆண்டைப் பாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னைக் கணக்கில் அதற்குப் பிறகு வரும் சரிவு தட்டச்சுப் பிழை இல்லை. விழுந்த மரங்களின் கணக்கு. அதை "அவுட்லையர்" என்று நீக்கினால் ப்ராஜெக்டின் உயிரையே எடுத்த மாதிரி. நீக்குவதா வேண்டாமா என்று குழம்பினால் புள்ளியியல் ஆசிரியரிடம் கேளுங்கள். இது கம்ப்யூட்டர் சென்டர்காரர் முடிவு செய்ய வேண்டியது இல்லை.

## அறிகுறி 4: புத்தகத்து விடையும் எக்ஸெல் விடையும் பொருந்தவில்லை

திட்ட விலக்கத்தில் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வித்தியாசம் என்றால் எந்த ஃபார்முலா என்று பாருங்கள். நம் எண்களுக்கு எஸ்டிடெவ் டாட் எஸ் 31.6 தரும், எஸ்டிடெவ் டாட் பி 28.9 தரும். முன்னது ஒன்று குறைத்து வகுக்கிறது, பின்னது முழு எண்ணிக்கையால் வகுக்கிறது. பள்ளிப் புத்தகக் கணக்கு பெரும்பாலும் பின்னதோடு ஒத்துப்போகும். ஒரு பகுதியை மட்டும் ஆய்ந்து முழுமைக்கும் பேசுவதானால் முன்னது.

கால்மானம் (வரிசைப்படுத்திய எண்களை நான்காகப் பிரிக்கும் இடங்கள்) இன்னும் வேடிக்கை. அதே ஆறு எண்ணுக்கு மூன்றாம் கால்மானம்: குவார்ட்டைல் டாட் இன்க் 34.5 என்கிறது, குவார்ட்டைல் டாட் எக்ஸ்க் 50 என்கிறது. வரிசைப்படுத்தி மேல்பாதியின் நடு எண்ணைக் கையால் எடுத்தால் 46. மூன்றும் தப்பில்லை, மூன்று முறைகள். கால்மானங்களைப் பெட்டியாக வரைந்து காட்டும் எக்ஸெலின் பாக்ஸ் பிளாட் தானாக எக்ஸ்க் முறையைத்தான் எடுக்கும். அட்டவணையில் இன்க் போட்டுவிட்டுப் பக்கத்தில் பாக்ஸ் பிளாட் ஒட்டினால் இரண்டும் சண்டை போடும். படத்தின் ஃபார்மட் பகுதியில் இன்க்ளூசிவ் மீடியன் என்று மாற்றலாம். எந்த முறை என்பதை கைடிடம் கேட்டு, அட்டவணைக்கு அடியில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

## அறிகுறி 5: டேட்டா அனாலிசிஸ் பட்டனையே காணோம்

ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ். கீழே எக்ஸெல் ஆட்-இன்ஸ் என்றிருக்கும்போது கோ அழுத்தி அனாலிசிஸ் டூல்பேக்கில் டிக். மொபைல் எக்ஸெலிலும் பிரவுசர் எக்ஸெலிலும் இது கிடையாது, தேட வேண்டாம். லிப்ரே ஆபீஸில் டேட்டா மெனுவிலேயே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்கிறது. இலவசம்தான். இதற்காகத் திருட்டு ஆபீஸ் சிடி தேடி வைரஸோடு வராதீர்கள்.

"நான்-நியூமெரிக் டேட்டா" என்று திட்டினால் தலைப்பு வரியையும் தேர்ந்தெடுத்துவிட்டு லேபிள்ஸ் பெட்டியில் டிக் அடிக்கவில்லை. அதுவும் இல்லையென்றால் அறிகுறி 2. டேட்டாவைத் திருத்திய பிறகும் முடிவு அட்டவணை மாறவில்லையா? அது மாறாது. டூல்பேக் எழுதுவது பெரும்பாலும் ஃபார்முலா இல்லை, வெறும் எண். மறுபடி ஓட்ட வேண்டும்.

## அறிகுறி 6: கிராஃப் கோணல்

ஆண்டும் ஒரு கோடாக மேலே ஓடுகிறது, டேட்டா அடியில் தட்டையாகக் கிடக்கிறது. எக்ஸெல் 2019, 2020 என்பதையும் அளவு என்று நினைத்துவிட்டது. செலக்ட் டேட்டாவில் ஆண்டு சீரிஸை நீக்கி, வலப்பக்கம் எடிட் அழுத்தி ஆண்டுகளைக் கிடை அச்சுக்குக் கொடுங்கள். அடுத்த முறை ஆண்டு காலத்தின் தலைப்புச் செல்லை வெறுமையாக விட்டுவிட்டுப் படம் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

கோடு நடுவில் தடாலென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுகிறது. அளவு இல்லாத இடத்தில் 0 இருக்கிறது. அழித்துவிட்டு, செலக்ட் டேட்டாவில் ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸில் கேப்ஸ் என்று வையுங்கள்.

நாகப்பட்டினம் கோடு 2020ஐ ஒட்டிச் சரிகிறது. இதற்கு எக்ஸெலில் மருந்து கிடையாது. 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. நிலம் எங்கும் போகவில்லை, வேறு பெயரில் இருக்கிறது. இரண்டையும் கூட்டி ஒரே கோடாகப் போடுங்கள். நீண்ட கால டேட்டா எடுத்தால் தஞ்சாவூருக்கும் இதே கதை: 1991இல் நாகப்பட்டினமும், 1997இல் திருவாரூரும் பிரிந்தன. "தஞ்சையில் நெல் பரப்பு வீழ்ச்சி" என்று தலைப்பு வைத்துக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. பிரிந்த மாவட்டத்தின் எந்தப் பகுதி எதில் சேர்ந்தது என்று தெரியாமல் பிரிக்கவோ கூட்டவோ முயலாதீர்கள். மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் கேட்டு வட்டம் வாரியாக எடுங்கள்.

மேட்டூர் நீர்மட்டப் படம் தண்ணீர் நிறைய இருப்பது போலக் காட்டுகிறது. அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. 60 அடி இருந்தால் பாதித் தண்ணீர் என்று பட்டைப் படம் சொல்லும். ஆனால் அடியில் குறுகி மேலே விரியும் நீர்த்தேக்கத்தில் பாதி உயரத்துக்குப் பாதிக்கும் மிகக் குறைவான தண்ணீர்தான். பட்டை போடுவதானால் டிஎம்சிக்குப் போட்டு அச்சை 0இல் தொடங்குங்கள். அடிக் கணக்கைக் கோட்டுப் படமாகவே விடுங்கள்.

மழையும் மகசூலும் ஒரே படத்தில், மழை தெரியவே இல்லை. ஆயிரக்கணக்கான கிலோவுக்குப் பக்கத்தில் தினமழை மி.மீ. நசுங்கித்தான் போகும். செகண்டரி ஆக்சிஸ் போடலாம். ஆனால் இரண்டு அச்சின் அளவையும் இஷ்டத்துக்கு இழுத்தால் எதையும் எதோடும் ஒத்துப்போக வைக்கலாம் என்பதால் எனக்கு அது பிடிக்காது. ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு படம் போடுங்கள்.

வட்டப் படம் வானவில் ஆகிவிட்டது. 38 மாவட்டத்தை வட்டப் படத்தில் திணிக்காதீர்கள். பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திக் கிடைப்பட்டை.

மழைப் படத்தில் ஒரு நாள் தள்ளி நிற்கிறது. செய்தித்தாளில் 15ஆம் தேதி இரவு மழை என்கிறார்கள், உங்கள் அட்டவணையில் 16 என்று இருக்கிறது. வானிலைத் துறை காலை 8.30க்கு, அதற்கு முந்தைய 24 மணி நேரத்தின் மழையைப் பதிகிறது. டேட்டா சரி, தொடாதீர்கள்.

## அறிகுறி 7: தமிழ் எழுத்து சிதைகிறது

சிஎஸ்வி ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து திறந்ததும் ஊர்ப் பெயரெல்லாம் கோணல்மாணல் குறிகளாக வந்தால் சேவ் செய்யாமல் மூடுங்கள். டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட் வழியாகக் கொண்டுவந்து, 65001 யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். சிதைந்த நிலையில் சேவ் செய்துவிட்டால் பழைய காப்பிதான் கதி.

அட்டவணையில் தமிழ் சரியாகத் தெரிந்து, கிராஃபில் மட்டும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. கிராஃபின் எழுத்துருவையும் அதற்கே மாற்றினால் உங்கள் கம்ப்யூட்டரில் தெரியும், தேர்வாளர் கம்ப்யூட்டரில் மறுபடி குப்பை. யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் என்றால் இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளே போதும். முழு ஆய்வேடும் அப்படியென்றால் ஊரில் பழைய டிடிபி ஆட்கள் இருப்பார்கள், அவர்களிடம் கொடுங்கள். எந்த எழுத்துரு என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

## அறிகுறி 8: திரையில் அழகு, பிரிண்டில் எல்லாம் ஒரே சாம்பல்

குறுவைக்குப் பச்சை, சம்பாவுக்குச் சிவப்பு, தாளடிக்கு நீலம். கறுப்பு வெள்ளையில் மூன்றும் ஒன்றுதான். வண்ணப் பிரிண்டுக்குக் காசு கொடுக்கும் முன் பட்டைகளுக்குப் பேட்டர்ன் ஃபில் போட்டுப் பாருங்கள். கோடுகளானால் ஒன்றை முழுக்கோடு, ஒன்றைப் புள்ளிக்கோடு ஆக்கிவிட்டு, கோட்டின் முனையிலேயே பெயரை எழுதுங்கள். வேர்டில் ஒட்டும்போது பேஸ்ட் ஸ்பெஷலில் பிக்சர் என்று ஒட்டினால் பைண்டிங் கடைக் கம்ப்யூட்டரில் படம் உருமாறாது. அதற்கும் மேலே பாதுகாப்பு வேண்டுமென்றால் பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போங்கள். கடைக்காரர் "வேர்ட் ஃபைலே கொடுங்க" என்று கேட்டாலும் பிடிஎஃப்பையே நீட்டுங்கள்.